பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

2044 நவம்பர் 21, திங்கட்கிழமை. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில், மூளைக் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது, காலை 10.40 மணிக்கு லோகநாதன் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. முந்தைய நாள் மாலை எடுக்கப்பட்ட அவருடைய மனப்பதிவு மருத்துவமனையில் இருந்தது.

மண்டையைத் திறப்பதற்கு முன்பு நோயாளியின் நினைவையும் பேச்சையும் பதிந்துவைப்பது அப்போது வழக்கமாகியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு எது போயிற்று, எது மிஞ்சியது என்று டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். நோயாளியே மிஞ்சாதபோது பதிவை என்ன செய்வது என்று விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே செருப்பு, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு அதையும் ஒரு பெட்டியில் போட்டு, மனைவி மோகனாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கைக்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. சௌரிபாளையத்தில் அவர்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் அப்படித்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, முகூர்த்தம் முடிந்து பத்து நிமிடம் கழித்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நல்ல நேரம் வரும்வரை இரு வீட்டாரும் இட்லியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலையே லோகநாதனின் அப்பா மகனின் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் முன்னால் திருகி, திரும்பக் கட்டிவிட்டார். பிறகு சுவர்க் கடிகாரம், அடுப்படிக் கடிகாரம் எல்லாம் அதைப் பின்பற்றின. பத்து நிமிடம் கூடுதல் என்று கணவன் மனைவி இருவருக்குமே தெரிந்திருந்ததால் யாரும் அதனால் சீக்கிரம் கிளம்பியதில்லை. ஆனாலும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஒருவர் மணி கேட்டால் இன்னொருவர் முள் காட்டுவதை அப்படியே சொல்வார். கழிப்பது கேட்டவர் பாடு.

பெட்டி ஏழு மாதம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதற்குள் பதிவுக் கருவிகள் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. 2045 ஜூலையில், பம்ப் தொழிற்சாலையில் லோகநாதனோடு வேலை பார்த்த ஃபரீதா துக்கம் விசாரிக்க இரண்டாம் முறையாக வந்தபோது, மோகனா பீரோவைத் திறந்தாள்.

ஃபரீதா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க கம்ப்யூட்டர்ல இது நேரா ஓடாதுக்கா. இது அந்தக் கம்பெனியோட சிஸ்டத்துல மட்டும்தான் தொறக்கும். அந்த சிஸ்டம் செத்துப்போச்சு."

"அப்ப வழியே இல்லையா?"

"இருக்கு. உங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ரூம் கட்டலாம். வெளிய உங்க சிஸ்டம் அது பாட்டுக்கு ஓடும். உள்ள அந்த ரூம்ல பழைய சிஸ்டத்தைக் குடி வெக்கலாம். உங்க மெஷினோட மெமரியில முக்காவாசியை அது வாங்கிக்கும். ஆனா உள்ள இருக்கிறவருக்கு வெளிய ஒரு வீடு இருக்கறதே தெரியாது. ஜன்னல்ல நாம என்ன காட்டறோமோ அதுதான் உலகம். நாம என்ன மணி சொல்றோமோ அதுதான் மணி."

"நடுவுல நிறுத்தினா?"

"நிறுத்தினதே தெரியாதுக்கா. ஒரு வார்த்தையைப் பாதியில நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு எழுப்பினாலும் மீதி வார்த்தையைச் சொல்லி முடிப்பார்."

மோகனா, "கண்ணைக் கட்டியிருக்குன்னு சொல்லிக்கலாம்," என்றாள். "ஆபரேஷனுக்கு அப்பறம் பதினாலு நாள் கண்ணு கட்டியிருக்கும், மருந்துல ஒடம்பு மரத்துப்போயிருக்கும்னு டாக்டர் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருந்தாரு. அது அவருக்கு ஞாபகம் இருக்கும்."

ஃபரீதா தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னொண்ணு இருக்குக்கா. அந்த ரூம் பழசு, அதைப் பெருசாக்க முடியாது. அறுபது மணி நேரப் பேச்சுதான் அதுல கொள்ளும். அதுக்கு மேல போனா பழைய ஞாபகத்தை அழிச்சு அழிச்சுப் புதுசை எழுத ஆரம்பிச்சிரும். முதல்ல எது போகும்னு யாராலயும் சொல்ல முடியாது."

மோகனா கணக்குப் போட்டாள். மருந்து மயக்கத்தில் இருப்பவர் ஒரு நாளில் நான்கு மணி நேரம் விழித்திருந்தால் போதும். பதினான்கு நாளுக்கு ஐம்பத்தாறு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம் எழுப்பினால் ஒரு வருஷத்துக்கு மேல் வரும். மற்ற நாட்களில் அந்தக் கம்ப்யூட்டரில் அவளுக்கு மோட்டார்களுக்கான கம்பிச் சுற்று வரைபடம் போடும் வேலை இருந்தது.

ஃபரீதா ஆஸ்பத்திரிச் சத்தங்களை எங்கிருந்தோ பிடித்து வந்தாள். டிராலி உருளும் சத்தம், தூரத்து இருமல், மாலை ஏழு மணிக்கு "பார்வையாளர் நேரம் முடிந்தது" என்ற அறிவிப்பு. பதிவு விழிக்கும் முன்பு அதை ஒரு நகல் எடுத்து வைத்தாள். "இது முதல் நிமிஷத்தோட போட்டோ மாதிரி. எப்ப வேணும்னாலும் இங்கிருந்தே திரும்ப ஆரம்பிக்கலாம். நடுவுல நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது."

ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்பீக்கரில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் லோகநாதன்.

மோகனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சுதுங்க."

"நல்லபடியாவா?"

"நல்லபடியா."

ஒரு மணி நேரம் ஆனதும், "காபி வாங்கீட்டு வந்தர்றனுங்க," என்று சொல்லி நிறுத்தினாள். அடுத்த ஞாயிறு, "வந்துட்டனுங்க," என்றாள். அவருக்கு நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு நடுவில் ஒரு வாரம். அதன் பிறகு அதுவே முறையாயிற்று. அவர் ஒரு நாள் வாழ அவளுக்கு நான்கு ஞாயிறு பிடித்தது. அந்த ஒரு மணி நேரமும் அவள் 2044-இல் இருந்தாள். என்ன மழை பெய்தது, யாருக்கு நிச்சயம் ஆகியிருந்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அதை மீறாமல் பேசினாள். திங்கள் காலை கடைவீதியில் யாராவது "இந்த வருஷம்" என்று சொன்னால், எந்த வருஷம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

அவருடைய கணக்கில் முதல் இரண்டு நாளும் அவர் அடிக்கடி மணி கேட்டார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஏழு மணி அறிவிப்பு ஒலித்தவுடன், "தலைமாட்டுல என்ற வாட்ச் இருக்கும் பாரு. மணி என்ன?" என்றார். மோகனா திரையின் மூலையில் அவருடைய அறைக்கென ஓடிய கடிகாரத்தைப் பார்த்து, "ஏழுங்க," என்றாள். அதன் பிறகு அவர் மணி கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

2046 மார்ச்சில் மாமனார் இறந்தார். ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, நாத்தனார் துளசிமணி சொல்லாமல் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அப்பா ஒருக்காகூட வந்து பாக்கலையே மோகனா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"தோட்டத்துல தண்ணி பாய்ச்சறாருங்க. நாளன்னிக்கு வர்றேன்னாரு. இருங்க, காபி வாங்கீட்டு வந்தர்றனுங்க."

மோகனா நிறுத்திவிட்டுத் திரும்பினாள். துளசிமணியின் முகம் வெளுத்திருந்தது.

"எங்கப்பனுக்குக் காரியம் பண்ணி நாலு நாள்தான் ஆச்சு. தண்ணி பாய்ச்சறாரா?"

"அண்ணி..."

"என்ற தம்பியை என்ன பண்ணி வெச்சிருக்கறே நீ? ஊறுகாய் போட்டு ஜாடில அடைச்சு வெச்சிருக்கறயா? வேணும்போது மூடியைத் தொறந்து மோந்து பாப்பியா?"

துளசிமணி மேசையருகே போய்க் கம்ப்யூட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு மணி நேரம் ஓடியிருந்ததால் அது சூடாக இருந்தது.

"சுடுது," என்றாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். போகும்போது, "என்னைப் பேசக் கூப்புடாதே. என்னால பொய் சொல்ல முடியாது," என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை இறுதியில் ஃபரீதா வந்தாள். ஐம்பத்தைந்து மணி நேரம் தீர்ந்திருந்தது.

"தொடர்ந்து பேசினா அவர் அழிய ஆரம்பிச்சிருவார். நிறுத்தலாம். இல்லைன்னா போட்டோவுக்குத் திரும்பலாம். என்ன செய்யட்டும்க்கா?"

"திரும்பலாம்," என்றாள் மோகனா. யோசித்துச் சொன்னது போல இல்லை. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில் போல இருந்தது. "ஞாயித்துக்கெழமை கடைசியா ஒரு மணி நேரம் பேசிக்கறேன். திங்கக்கெழமை நீ வந்து மாத்திரு."

ஆகஸ்ட் 5, மூன்று மணி. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மோகனா ஜன்னலைச் சாத்தினாள். 2044 டிசம்பரில், அவருடைய பதினான்காம் நாளில், மழை இல்லை என்று நோட்டில் எழுதியிருந்தது.

"வந்துட்டனுங்க."

"வா. நாளைக்குக் கட்டு அவுக்கறதுதானே?"

"ஆமாங்க. காலைல டாக்டர் வர்றேன்னிருக்காரு."

"கெட்டிக்கார டாக்டரு. பதினாலு நாள்ல ஒருக்காகூட என்னைத் தொட்டுப் பாக்காம வைத்தியம் பாத்துட்டாரு."

மோகனா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

"கடைவாய்ப் பல்லை எப்பப் புடுங்கினே?" என்றார் அவர்.

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "எந்தப் பல்லுங்க?"

"பேசறப்பக் காத்துப் போகுது. ஏழாம் நாள் காலைல காபி வாங்கப் போனே. போகும்போது பல்லு இருந்துது. வரும்போது இல்லை. அந்தக் காபிக்கடைல பல்லும் புடுங்கறானா?"

அறையில் டிராலி உருண்டது. தூரத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமலை அவள் ஐம்பத்தாறு முறை கேட்டிருந்தாள்.

"பத்தாம் நாள் உன்ற தொண்டை கட்டியிருந்துது. அழுதுட்டு வந்த தொண்டை. அன்னிக்கு நான் அப்பாவைப் பத்திக் கேட்டதுக்கு நீ ரெண்டு நொடி கழிச்சுப் பதில் சொன்னே. எப்பப் போனாரு?"

"மார்ச்சுலங்க."

"எந்த மார்ச்சு?"

"நாப்பத்தாறு."

அந்தப் பதிவில் அழுவதற்கு வழி வைக்கப்பட்டிருக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றது. மோகனா திரையைப் பார்த்தாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அங்கேதான் இருந்தார்.

"கஷ்டப்பட்டாரா?" என்றார் கடைசியில்.

"இல்லீங்க. தூக்கத்துல."

"செரி."

"எப்பங்க தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ரெண்டாம் நாளே. ஏழு மணிக்கு அறிவிப்புச் சொன்னான். வாட்சைப் பாத்து மணி சொல்லுன்னேன். ஏழுன்னே. என்ற வாட்ச் ஏழு பத்துதானே காட்டியிருக்கோணும்? நம்ம வீட்டுல கழிச்சு மணி சொன்ன நாள் உண்டா? பத்தொம்பது வருசத்துல ஒருக்கா? அப்ப அங்க வாட்சே இல்லை. நீ வேற ஏதோ கடிகாரத்தைப் பாத்துச் சொல்றே. அதுல புடிச்சு இழுத்தேன், மத்ததெல்லாம் கூடவே வந்துருச்சு. வலி இல்லை, பசி இல்லை, இருமறவன் ஒரே மாதிரி இருமறான். பம்ப்பை மாட்டறதுக்கு முன்னாடி இப்படித்தான் நாங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போலி சிஸ்டத்துல ஓட்டிப் பாப்போம்."

மோகனா மேசை இழுப்பறையைப் பார்த்தாள். உண்மையான கைக்கடிகாரம் எப்போதும் அதில்தான் இருந்தது. ஒரு தடவை இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கலாம்.

"ஏனுங்க சொல்லலை? ஒரு வருசமா மறைச்சிருக்கறீங்க."

"நீ மறைச்சே, நான் மறைச்சேன். சொன்னா நிறுத்திருவியோன்னு பயம். ஒவ்வொரு தடவை காபிக்குப் போறபோதும் இனி வரமாட்டேன்னு நெனைப்பேன். அடுத்த நொடியே வந்துருவே. அது எனக்குப் போதும்னு இருந்துது." பிறகு, "நாளைக்கு என்ன பண்றதா இருக்கறே?" என்றார்.

அவள் சொன்னாள். அறுபது மணி நேரம், அழியும் ஞாபகம், முதல் நிமிடத்தின் போட்டோ எல்லாவற்றையும் சொன்னாள்.

"திரும்ப ஆரம்பிச்சா நான் திரும்ப ரெண்டாம் நாள் ஏழு மணிக்குக் கண்டுபுடிப்பேன் மோகனா. நான் செத்துட்டேன்னு தனியா உக்காந்து தெரிஞ்சுக்குவேன். பக்கத்துலயே நீ ஆரஞ்சுப் பழத்தைப் பத்திப் பேசீட்டு இருப்பே. அந்த ஒரு மணி நேரத்தை இன்னொருக்கா எனக்குக் கொடுக்காதே."

மோகனாவுக்கு உடனே ஒன்று தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமும் வந்தது. பத்து நிமிடம்தான் பிசகு. அதை மட்டும் திருத்திவிட்டால் போதும்.

"வாட்சைத் திருத்தி வெச்சிட்டா எனக்குத் தெரியவே தெரியாது," என்றார் அவர். "நீ அதைத்தான் நெனைக்கறே. எனக்கும் தெரியும். அந்த வழியை உங்கிட்ட மறைக்கறதுக்கு மனசு வரலை. உன்ற இஷ்டம்."

"இது நாயமாங்க? எல்லாத்தையும் என்ற தலைல கட்டறீங்க."

"செத்தவன் வேற யாரு தலைல கட்டுவான்?"

இந்த முறை அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு மற்றதும் சேர்ந்து வந்தது. அவர் காத்திருந்தார்.

"இன்னும் எத்தனை மிச்சம்?"

"நாலு மணி நேரம் சொச்சமுங்க."

"அப்ப நிறுத்தாம ஓடட்டும். இந்த ஆஸ்பத்திரியை அணை, தலைவலிக்குது. நம்ம வீட்டைக் கேக்க விடு. என்ற வாட்சைச் சரியா வை."

மோகனா சத்தங்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். டிராலி நின்றது, இருமல் நின்றது. திரையின் கடிகாரத்தை அன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் மாற்றி, அதற்கு மேல் பத்து நிமிடம் கூட்டினாள். ஜன்னலைத் திறந்து மைக்கை அதன் கட்டையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்து மைக்கின் அருகே பிடித்தாள்.

"மணி என்ன?" என்றார்.

"நாலு."

"மூணு அம்பது," என்று கழித்துக்கொண்டார் லோகநாதன். "மழையா?"

"தூத்தலுங்க. ஆடி மாசம்."

அன்று அவர்கள் எதைப் பேசவில்லை என்று சொல்வது எளிது: சாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. எதிர்க் காலிமனையில் நான்கு மாடி எழும்பிவிட்டது, அதனால் அடுப்படியில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். தெருமுனைப் போண்டாக்காரர் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றாள். அதற்குத்தான் அவர் அதிகம் வருந்தினார். பழைய சண்டை ஒன்றை இருவரும் முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். அவள் ஜெயித்தாள். ஆறு மணி வாக்கில் துளசிமணிக்கு போன் போட்டு, "அண்ணி, இனிமே பொய் சொல்ல வேண்டியதில்லீங்க," என்று சொல்லி, போனை மைக்கின் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி," என்றாள் துளசிமணி. "சாப்பிட்டயா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டனுங்கக்கா," என்றார் லோகநாதன்.

ஏழு மணிக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. தூறல் நின்று, எதிர் மாடியிலிருந்து ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிப்பது கேட்டது. மோகனாவுக்குப் பேச்சு தீர்ந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தை மைக்கின் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"எத்தனை மிச்சம்?"

"நாப்பது நிமிசமுங்க."

"அது இருக்கட்டும்." அவர் தொண்டையைச் செருமினார். "நீ போய்க் காபி வாங்கீட்டு வா."

அவள் புரிந்துகொண்டு எழுந்தாள். எழுந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். "இப்பவாங்க?"

"ஒண்ணும் அவசரமில்லை. மெதுவா வா."

"வந்தர்றனுங்க," என்றாள் மோகனா.

திங்கட்கிழமை ஃபரீதா வந்தபோது முதல் நிமிடத்தின் போட்டோ அழிக்கப்பட்டிருந்தது. நிறுத்தப்பட்ட பதிவு மட்டும் இருந்தது.

2051 ஜனவரியில் மோகனாவின் கம்ப்யூட்டர் பழுதாகத் தொடங்கியது. அவள் புதிது வாங்கினாள். பழைய கம்ப்யூட்டர் முழுவதையும் ஃபரீதா புதியதற்குள் ஓர் அறையாக வைத்தாள். அந்த அறைக்குள் லோகநாதனின் அறை இருக்கிறது. அது இன்றுவரை எழுப்பப்படவில்லை. மீதம் நாற்பது நிமிடம். உள்ளே கடிகாரம் மாலை 7.30-இல் நிற்கிறது. சரியான நேரம் 7.20.